விசில் கேட்காத கோல்கீப்பர்

ரெஃப்ரி விசில் ஊதியதும் மைதானத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம்கூடக் கத்துவதை நிறுத்தியது.

நான் அப்போது குப்புறக் கிடந்தேன். மதுரை மில் அணியின் தருமராஜ் எனக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடியபோது, அவனைத் தடுக்கத் திரும்பிக் கால் பின்னி விழுந்திருந்தேன். வாயெல்லாம் உப்பு. எங்கள் மைதானம் உப்பளத்தை ஒட்டிய களர் பூமி. அங்கே விழுந்து எழுந்தவன் வீட்டுக்குப் போய்க் கஞ்சிக்கு உப்புப் போட வேண்டியதில்லை என்று தூத்துக்குடியில் கேலி பேசுவார்கள்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆஃப்சைடுக்குத்தான் ஊதியிருக்கிறார்கள் என்று தருமராஜுக்கும் தெரிந்துவிட்டது. ஓட்டத்தைத் தளர்த்தி, ரெஃப்ரி பக்கம் முகத்தைத் திருப்பினான். பந்து அவனுக்கு முன்னால் யாருக்கும் வேண்டாததாக உருண்டுகொண்டிருந்தது.

அந்தப் பந்தை நோக்கி எங்கள் கோல்கீப்பர் மிக்கேல் பாய்ந்து வந்தான்.

சாதாரணப் பாய்ச்சல் இல்லை அது. தலையை முன்னே கொடுத்து, எதிராளியின் கால் எங்கே பட்டாலும் சரி என்று பந்தின்மேல் விழுகிற பாய்ச்சல். அதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். விசில் ஊதிய பிறகு அதைத் தருமராஜ் எப்படி எதிர்பார்ப்பான்? மிக்கேலின் முதுகில் தடுக்கி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வலது தோள் தரையில் மோத விழுந்தான். காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்திருந்தது.

மிக்கேல் பந்தை மார்போடு அணைத்தபடி எழுந்தான். வழக்கம்போல நாலு எட்டு வைத்து, பந்தை உயர உதைக்க ஆயத்தமானான். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். யாரும் ஓடவில்லை. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தை மெதுவாகத் தரையில் வைத்தான்.

மதுரைக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்தார்கள். ரெஃப்ரி அவனை வெளியே போகச் சொன்னார். சொன்னதை அவன் கேட்டுப் போகவில்லை; நீட்டிய விரலைப் பார்த்துத்தான் போனான். முந்தின வாரம் அவனைத் தோளில் தூக்கிய எங்கள் ஊர் ஜனங்களே கயிற்றோரம் நின்று காறித் துப்பினார்கள்.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அன்று அங்கே இருந்தவர்களில் எங்கள் அணிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். மிக்கேலுக்குக் காது கேட்காது.

பந்து உதைக்கச் சம்பளம்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் சொந்த ஊரான உடன்குடியையும் என் பள்ளிக்கூட நாட்களையுமே சுற்றிக்கொண்டிருந்தேன். கால்பந்துக்கு வந்து சேர இவ்வளவு நாளா என்று கேட்பவர்களுக்கு ஒரு சமாதானம்: மைதானத்திலும் நான் மெதுவாக ஓடுகிறவன்தான். அதனால்தான் என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள்.

எங்களைக் கரைக் கிளப் என்பார்கள். யுத்தத்துக்கு முன்னால் அது சம்பளமும் சட்டையும் இல்லாத கிளப். துறைமுகத்துக் குமாஸ்தாக்களும், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குத் தோணி ஓட்டுகிறவர்களும் சாயங்காலம் கூடி உதைப்பார்கள். ஏதாவது கப்பலிலிருந்து மாலுமிகள் இறங்கினால் அவர்களோடு ஓர் ஆட்டம். யுத்தம் வந்ததும் கப்பலும் குறைந்தது, பந்துக்குள் வைக்கிற பிளாடரும் கிடைக்காமல் போனது. சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் பந்து முழுக்க ஒட்டாகவே ஆனது. அது ஒரு பக்கமாகத்தான் உருளும். அந்தப் பந்தில் பழகியதால்தான் எங்களுக்கு எந்தப் பந்தும் வசப்பட்டது என்று பெருமை பேசுவோம்.

யுத்தம் முடிந்த சமயம் செல்லத்துரை அண்ணாச்சி உள்ளே வந்தார். கருப்பட்டியும், வெளிநாட்டுக்கு மருந்துக்குப் போகும் நிலாவரை இலையும் ஏற்றுமதி செய்தவர். சொந்தத் தோணிகள் உண்டு. வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்திருக்கிறார். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் முண்டியடித்து உள்ளே போவதைக் கண்டு அசந்துபோனார். திரும்பி வந்து, நம்ம ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று சொன்னார். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். மஞ்சள் சட்டை தைத்தார். எங்களையெல்லாம் தன் கிடங்கில் வேலை என்று பேர் பண்ணி, பந்து ஆடுவதற்கே மாதச் சம்பளம் கொடுத்தார்.

ஊர் அதை நம்பவில்லை. என் அப்பா உடன்குடியிலிருந்து கருப்பட்டி மூட்டையோடு வந்தபோது விசாரித்தார். நான் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, காலால் சம்பாதிக்கிறவன் பனையேறி ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். கோபமா சந்தோஷமா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கிளப் நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பு வியாபாரத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்து அண்ணாச்சியின் தோணிகள் ஒவ்வொன்றாகக் கரையில் முடங்கிய பிறகு சம்பளம் நின்றது. சம்பளம் நின்ற பிறகும் கொஞ்ச காலம் ஆடினோம். பிறகு ஆளாளுக்கு ஒரு திக்கில் பிழைக்கப் போனோம். இன்று அந்த மைதானத்தில் உப்பு விளைகிறது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

சங்குக்குப் போன காது

மிக்கேல் கடற்கரைக்காரன். அவன் தகப்பன், பாட்டன் எல்லாரும் கடலில் மூழ்கி முத்துச் சிப்பி எடுத்தவர்கள். ஆனால் எங்கள் காலத்தில் சிப்பி விளையாமல் முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. மிக்கேலுக்குத் தெரிந்ததெல்லாம் சங்குதான். பருவம் தொடங்கினால் வள்ளத்தில் ஏறிப் போய், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் மணலைத் தடவிச் சங்கு பொறுக்குவார்கள். முதல் சில நாள் மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும். அதற்குப் பேர் காது உடைவது. உடைந்தால் நல்லது, பிறகு ஆழத்தில் வலிக்காது என்பார்கள்.

மிக்கேலுக்கு ஒரு தடவை உடைந்தது ஆறவில்லை. சீழ் வைத்து, ஒரு காது முழுக்கப் போனது. மறு காதில் பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தம் கேட்காது.

இதெல்லாம் கிளப்பில் சேரும்போது எங்களுக்குத் தெரியாது. பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஆள் என்றுதான் நினைத்தோம்.

சம்பளம் கொடுக்கிற கிளப் ஆனதும், ஆட்களை டாக்டர் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்தார், முழங்காலைத் தட்டினார், கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார். பந்தாடுகிறவன் காதை யார் பார்ப்பார்கள்? மிக்கேலின் முறை வந்தபோது டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே என்ன வயது என்று கேட்டார். "சூசை மவன் மிக்கேல்" என்று பதில் வந்தது. டாக்டர் நிமிர்ந்து மறுபடி கேட்டார். முகத்தைப் பார்த்ததும் சரியாகச் சொல்லிவிட்டான். வரிசையில் பின்னால் நின்ற நான் சிரித்தேன். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அவன் மனைவி ரெஜினா என்னைத் தேடி வந்தாள். அண்ணாச்சியின் கிடங்கில் நிலாவரை இலை பொறுக்கிச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. தலையில் இலைத்தூசியோடு, இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு மைதானத்து ஓரத்தில் நின்றாள். கோலுக்கு முன்னால் நிற்கிறவன் நான்தான் என்று மிக்கேல் சொல்லியிருந்தானாம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"அண்ணே, அவியளுக்கு ஒரு காது சுத்தமாப் போச்சு. இன்னொண்ணுல பாதிதான் இருக்கு. இது தெரிஞ்சா கிளப்புல வச்சிருக்க மாட்டாவ. வைக்கலன்னா திரும்பச் சங்குக்குத்தான் போவாவ. இனிமே ஒரு வாட்டி குளிச்சா மிச்சமும் போயிரும். எம்புள்ள இப்பந்தான் அப்பான்னு சொல்லப் படிக்கான். அதையாவது அவிய கேக்கட்டும்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டாள்.

கையைத் தூக்கினால் விசில்

அணியில் மற்றவர்களிடம் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. மிக்கேல் அப்போதே நாலைந்து ஆட்டங்களை எங்களுக்குக் காப்பாற்றித் தந்திருந்தான். எங்கள் தயாளத்தில் சுயநலமும் கலந்திருந்தது.

ஏற்பாடு எளிமையானது. விசில் ஊதினால் நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவேன். நான் மறைவில் இருந்தால் நடுவில் ஆடுகிறவன் தூக்குவான். பந்தைப் பின்னால் அவனுக்குத் தட்டப் போகிறேன் என்றால் இடுப்பில் கை வைப்பேன். அவன் தன் பக்கத்திலிருந்து என் பேரைச் சொல்லிச் சத்தமாகவே கத்துவான். "ஏலே இசக்கி, வலது" என்று அவன் போடுகிற கூச்சல் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் கேட்கும். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்துகிறான் என்று எங்களுக்குத் தெரியும். கோல்கீப்பர் என்றால் இப்படித்தான் அதட்ட வேண்டும் என்று கூட்டம் மெச்சியது.

அடுத்தடுத்த பருவங்கள் இப்படியே ஓடின. ஒரு பிசகும் இல்லை. கைதூக்குவது எனக்குப் பழக்கமாகி, ரயில் நிலையத்தில் கார்டு விசில் ஊதினால்கூடக் கை லேசாக எழும்பும்.

ஓர் ஆண்டு மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் மதுரை அணி வந்தது. நான் தருமராஜிடம் ஏமாந்து குப்புற விழுந்தேன். நடுவில் ஆடுகிறவன் எங்கோ முன்னால் நின்றான். கை தூக்க ஆள் இல்லை.

இரண்டு பட்டப்பேர்

அன்று தோற்றோம். தோல்வி பெரிதாகப் படவில்லை. மதுரைக்காரர்கள் பாளையங்கோட்டையில் இருந்த ஆட்டக் கமிட்டியிடம் புகார் கொடுத்தார்கள். விசிலுக்குப் பிறகு வேண்டுமென்றே அடித்து எலும்பை முறித்தான், இந்த முரடன் இனி எங்கும் ஆடக்கூடாது என்பது புகார்.

அண்ணாச்சி மிக்கேலைக் கூப்பிட்டு, வேகத்தில் நிறுத்த முடியவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னார். பருவம் முடிகிறவரை தடை போடுவார்கள், சம்பளம் நிற்காது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு வேறெதுவும் தெரியாது.

நாங்களும் அதையேதான் சொன்னோம். கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மிக்கேல் என் உதட்டைப் பார்ப்பதற்காக எதிரே உட்கார்ந்தான்.

"முரடன்னு பேரு வந்தா நாளைக்குப் போயிரும், வே. செவிடன்னு வந்தா போவாது. பேசாம இரி" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். சம்மதமா மறுப்பா என்று புரியவில்லை. மறுநாள் காலையில் வந்து, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று கூப்பிட்டான். கையில் ரெஜினா கொடுத்தனுப்பிய தூக்குவாளி இருந்தது. மூடியைத் தாண்டி மீன் குழம்பு வாசம் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில்

தருமராஜை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். அவனுடைய ஆட்கள் மதுரைக்குத் திரும்பிவிட்டார்கள். வலது கையை மார்போடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். வலியில் முடியவில்லை.

மிக்கேல் தூக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நின்றான். நான் ஏதோ உபசாரம் பேசினேன். தருமராஜ் அதைக் கவனிக்கவில்லை. மிக்கேலைப் பார்த்துத்தான் கேட்டான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விசில் ஊதினதுக்கு அப்புறமும் ஏன்ப்பா வந்து விழுந்த? நான் உனக்கு என்ன செஞ்சேன்? இந்தக் கை இல்லைன்னா மில்லுல என்னைய வச்சு என்ன செய்வாங்க?"

அவன் மில் அவனைப் பந்துக்காக எடுத்தது. ஆனால் பந்து இல்லாத நாளில் அவன் இயந்திரத்தில் நூல் ஓட்டுகிறவன். இரண்டுக்கும் அந்தத் தோள் வேண்டும்.

மிக்கேல் குனிந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முந்திக்கொண்டு, வேகத்தில் நிறுத்த முடியவில்லை என்று தொடங்கினேன். மிக்கேல் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"எனக்கு விசில் கேக்கல" என்றான்.

எல்லாரும்தான் கேட்டார்களே என்றான் தருமராஜ்.

"எனக்குக் காது கேக்காது. சங்கு குளிச்சுப் போச்சு. இவன் கையைத் தூக்குவான், அதப் பாத்துத்தான் ஆடுவேன். அன்னைக்கு இவன் விழுந்துட்டான்."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். மிக்கேல் அவ்வளவு சத்தமாகத்தான் பேசுவான். இத்தனை காலம் மறைத்து வைத்தது அந்த வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது.

தருமராஜ் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தேன். பிறகு அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது. எனக்கும் அவனுக்கும்தான் கேட்டது.

கடைசியில் தூக்கில் என்ன என்று கேட்டான். சோறும் சீலா மீன் குழம்பும் என்றேன்.

"எனக்கு ஒரு கைதான் இருக்கு. முள்ளை எடுத்துக் குடு" என்று மிக்கேலிடம் சொன்னான்.

மிக்கேல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மீனைப் பிட்டு முள்ளெடுத்து, சோற்றோடு வைத்துக் கொடுத்தான். தருமராஜ் இடது கையால் அள்ளிச் சாப்பிட்டான்.

அண்ணாச்சியின் கிடங்கில்

ஆஸ்பத்திரியிலிருந்து மிக்கேல் நேரே கிடங்குக்குப் போனான். வீட்டுக்குப் போய் ரெஜினாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளைப் பார்த்தால் சொல்ல மனம் வராது என்றான்.

செல்லத்துரை அண்ணாச்சி இலை மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிக்கேல் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் சிவந்து கறுத்தது. கிளப்பில் இது யார் யாருக்குத் தெரியும் என்று என்னிடம் கேட்டார். எல்லாருக்கும் என்றேன்.

"அப்பம் எனக்குத்தான் காது கேக்கல" என்றார்.

அதற்கு மேல் திட்டவில்லை. கமிட்டி விசாரணைக்கு மிக்கேலைத் தன் காரிலேயே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. தருமராஜ் ஏற்கெனவே ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டான்: தன்னை யாரும் வேண்டுமென்றே அடிக்கவில்லை.

முரடன் என்ற பழி விலகியது. ஆனால் காது கேளாதவன் லீக் ஆட்டத்தில் நிற்பது அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து என்று கமிட்டி முடிவு செய்தது. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஒடிந்த எலும்பை நான் பார்த்தவன்.

அண்ணாச்சி அவனைக் கைவிடவில்லை. படித்துறையில் தோணிக்கு மூட்டை ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை வேலை கொடுத்தார். ரெஜினாவுக்கு நிம்மதி. மிக்கேலுக்கு இல்லை. சாயங்காலம் மைதானத்துக்கு வந்து கோலுக்குப் பின்னால் நிற்பான். புது கோல்கீப்பர் விட்ட பந்தை எடுத்து எறிந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். அவனுடைய கூச்சல் இல்லாத மைதானம் எங்களுக்கு என்னவோ போலிருந்தது. சங்குப் பருவம் தொடங்கியபோது ஒரு காலையில், வள்ளங்கள் புறப்படுவதை அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ரெஜினாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது என்று பிற்பாடு அறிந்தேன். அந்தப் பருவம் முழுக்க அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கே மத்தியானச் சோறு கொண்டுவந்தாள்.

மதுரையில் ஓர் ஆட்டம்

பொங்கல் கழிந்து மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. மில்லின் ஆண்டு விழாவுக்கு ஒரு நட்பு ஆட்டம். கமிட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தருமராஜின் தோள் கூடிவிட்டது, அவன் ஆடுகிறான் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. பழைய கோல்கீப்பரோடு வந்தால்தான் ஆட்டம்.

மிக்கேல் முதலில் மறுத்தான். கேலிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான். ரெஜினாதான் மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துக் கையில் கொடுத்து ரயிலேற்றினாள்.

இந்த ஆட்டத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லீக்கில் மிக்கேல் மறுபடி ஆடவே இல்லை. நட்பு ஆட்டங்களில் மட்டும், கிளப் கலைகிறவரை, அவன்தான் எங்கள் கோல்கீப்பர். சங்கு குளிக்கவும் அவன் திரும்பிப் போகவில்லை.

மதுரை மைதானத்தில் புல் இருந்தது. எங்களுக்கு அதுவே அதிசயம். ஆட்டம் தொடங்குமுன் தருமராஜ் ரெஃப்ரியிடம் போய், விசில் ஊதும்போது கையையும் தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அப்படி விதியில் இல்லையே என்றார் அவர். தூக்கக் கூடாது என்றும் இல்லை என்றான் இவன். ரெஃப்ரி சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆனால் பழக்கம் விடுமா? முதல் ஃபவுலுக்கு அவர் விசிலை மட்டும் ஊதினார். நான் கையைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மதுரைக்காரர்கள் எல்லாரும், எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கே, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதைத் தருமராஜ் ஆட்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். முந்தின ஆட்டத்தில் மிக்கேலின் சட்டையைப் பிடித்தவனும் தூக்கியிருந்தான். என்ன நடக்கிறது என்று புரியாமல் கூட்டத்திலும் சிலர் தூக்கினார்கள். ரெஃப்ரி நாக்கைக் கடித்துக்கொண்டு தன் கையையும் உயர்த்தினார்.

மிக்கேல் கோலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகுதான் தருமராஜ் அவனுடைய பழைய ஓட்டத்தை ஓடினான். இந்தத் தடவை ஆஃப்சைடு இல்லை. என்னை இடப்பக்கம் போக்குக்காட்டி வலப்பக்கம் போனான். மிக்கேல் வெளியே வந்து விழுந்தான், அதே பாய்ச்சல், தலை முன்னே. தருமராஜ் பந்தை ஒதுக்கித் தட்டி, அவன் மேல் படாமல் தாண்டிக் குதித்து, வலைக்குள் அடித்தான். தயவு தாட்சண்யம் இல்லாத அடி. வலைக் கயிறு அதிர்ந்தது.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்து வரவழைத்துவிட்டு இப்படி அடிக்க வேண்டுமா என்று தோன்றியது. பயந்துகொண்டே மிக்கேலைப் பார்த்தேன்.

அவன் எழுந்து, வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, தருமராஜைக் கண்டுகொள்ளாமல் என்னை நோக்கி வந்தான். எத்தனையோ மாதமாகக் கேட்காத அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏலே இசக்கி, அவன் வலப்பக்கம் வாரது உனக்குத் தெரியலயா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

கூட்டம் சிரித்தது. தருமராஜும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மிக்கேலுக்கு அது எதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே பந்தை நடுக்கோட்டுக்கு எறிந்துவிட்டு, கோலுக்குப் போய், முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றான்.